நீங்களும் உக்காருங்கம்மா

பாவனாவின் காதில் கம்மல் இல்லை. வேனில் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்ன ஓட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிறிய தோல், கம்மல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த இடம். ஏன் கழட்டினாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அப்பாதான் நிரோ. அந்த ஏரியாக்கு போறதுன்னா செயின் கம்மல் எதுவும் வேணாம், போனைக்கூட பேக்குக்குள்ளயே வெச்சுக்கோன்னார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்பாக்களே இப்படித்தான் என்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். என் காதில் கம்மல் இருக்கிறது, கவரிங்தான், கழட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும். தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த ஏரியாவிலிருந்து காலேஜுக்கு வருகிறேன், சாயங்காலம் அதே கம்மலோடு அந்த ஏரியாவுக்குத் திரும்பிப் போகிறேன். பாவனாவுக்கு இது தெரியாது. வேனில் யாருக்கும் தெரியாது. முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எஸ்தர் மேடத்துக்குத் தெரியுமா. அட்மிஷனின்போது கொடுத்த முகவரி ஆபீசில் எங்கோ இருக்கும், அதையெல்லாம் யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அல்லது தெரிந்ததால்தான் சொல்லவில்லையோ. மேடம் திரும்பி எங்களைப் பார்க்கும்போதெல்லாம் என்னை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பது போல இருக்கிறது, இல்லை, நான் ஜன்னலை ஒட்டி இருக்கிறேன், வெளிச்சம் என் மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

லீவு போட்டிருக்கலாம். போன வாரம் மேடம் கரும்பலகையில் மல்லிகை நகர் மறுகுடியமர்வுத் திட்டம் என்று எழுதியபோதே முடிவு செய்திருக்கலாம். வயிற்று வலி என்றால் மேடம் மறு கேள்வி கேட்கமாட்டார். ஆனால் லீவு போட்டுவிட்டு எங்கே போவது. வீட்டில் இருந்தால் வீட்டிலேயே மாட்டிக்கொள்வேன், கதவைத் திறந்தால் பாவனா கையில் சர்வே கேள்வித்தாளோடு நிற்பாள். கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம், கோயிலில் உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தால், கூடப் படிக்கிற தீப்தி எங்கள் வாசலில் நிற்கிறாள், மூக்கைக் கொஞ்சம் சுருக்குகிறாள், உள்ளே அம்மா வாங்கம்மா வாங்கம்மா என்று பாயை உதறுகிறாள், நான் எங்கோ மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இல்லாமல் அவர்கள் என் வீட்டுக்குள் போவது. அதுதான் முடியவில்லை. மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இது முடியாது. அதனால் கிளம்பி வந்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சொல்ல வாயெடுத்தேன், அம்மாவுக்கு இந்த வாரம் மதிய ஷிப்ட், சமையலை முடித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கலாம் என்று சந்தோஷமாக இருந்தாள், ரப்பர் பேண்டை என் கையிலிருந்து வாங்கி அவளே போட்டுவிட்டாள். "இன்னாடி மூஞ்ச தூக்கி வெச்சினுகீற" என்றாள். ஒண்ணும் இல்லம்மா என்றேன்.

சோழிங்கநல்லூர். முதல் வருஷம், முதல் நாள், எல்லாரும் எழுந்து பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார் மேடம். நிரோஷா, சோழிங்கநல்லூர். முழுப் பொய் இல்லை, அங்கேதான் இறங்கி பஸ் மாறவேண்டும். எங்கள் பிளாக்கில் எல்லாருமே பக்கத்து ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறோம். கீழ்வீட்டு ஷகிலா அக்கா வீட்டு வேலை கேட்டுப் போன இடத்தில் மல்லிகை நகர் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள், சொல்லியனுப்புகிறோம் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம், அடுத்த வீட்டில் நாவலூர் என்றாளாம், வேலை கிடைத்தது. அதைச் சொல்லும்போது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அப்படி ஒரு நாள் சொல்லி முடித்துவிடுகிற விஷயமாகத்தான் தோன்றியது. ஆனால் ஊர்ப் பெயர் அங்கேயே நிற்கவில்லை. எந்தத் தெரு என்றாள் பாவனா, சிக்னலுக்குப் பின்னாடி என்றேன். தனி வீடா என்றாள், மாடி வீடு என்றேன், அது உண்மை, மூன்றாவது மாடி. ஒரு நாள் வரட்டுமா, அம்மா கையால் சாப்பிடணும் என்றாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஏதோ பயம். நாம் சொன்னது பலித்துவிடுமோ என்று.

வேன் பெரிய ரோட்டில் போகிறது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், ஒன்றில் மேகம் தெரிகிறது, ஒன்றில் எங்கள் வேனே ஓடுகிறது. அம்மா ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிற கட்டடம் இந்த வரிசையில்தான், நீலக் கண்ணாடி, வாசலில் போலிப் பனைமரம் வைத்திருப்பார்கள். அதோ. போய்விட்டது. உள்ளே எப்படி இருக்கும் என்று அம்மா சொல்லித்தான் தெரியும், லிப்டுக்குள் பாட்டு வரும், பாத்ரூமில் பூ வாசனை வரும், ஆட்கள் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். அங்கே போய்ப் பேசுவதற்கென்று அம்மா ஒரு தமிழ் வைத்திருக்கிறாள், இருக்குதுங்க, வருதுங்க, சரிங்க மேடம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது அதையும் கழட்டிவிடுவாள், கீது, வந்துகினுகீது, போடி. எனக்கு அந்தக் கழட்டுகிற நேரம் பிடிக்கும். அம்மா திரும்ப அம்மாவாகிற நேரம்.

சோசியாலஜி நான் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. பி.காம். கேட்டேன், மார்க் பத்தவில்லை, இதுதான் இருக்கு, வேணுமா என்றார்கள். என்ன படிப்பு என்றே தெரியாமல் தலையாட்டினேன். அம்மாவும் கேட்டாள், அது இன்னாடி படிப்பு என்று. மனுஷங்க எப்படிச் சேர்ந்து வாழறாங்கன்னு படிக்கறதும்மா என்றேன், புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல படிப்பாத்தான் கீது, படி" என்றாள். எனக்கும் போகப் போகப் பிடித்துவிட்டது. ஒரு ஆளுக்கு வேலை போனால் அது அவன் தலையெழுத்து, ஒரு ஊருக்கே வேலை போனால் அது வேறே என்று மேடம் சொன்ன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மதியம், மின்விசிறி நின்றுபோயிருந்தது, பாதி பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் யாரோ முதுகில் கைவைத்த மாதிரி இருந்தது. ஆற்றோரத்தில் எங்கள் வீட்டை இடித்தபோது நான் ஏழாவது. லாரியில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து, அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் நாம என்ன பாவம் பண்ணோம் நாம என்ன பாவம் பண்ணோம் என்றாள். அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. நாம் எதுவும் பண்ணவில்லை என்று அந்த மதியம் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று பறந்தேன். போனதும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அரிசி களைந்து கொடுத்தேன்.

ஆனால் அதே படிப்பில்தான் அந்த ஐந்து மார்க் கேள்வியும் வந்தது. குடிசைப்பகுதியின் பண்புகளை விவரி. சீனியர் ஒருத்தி கொடுத்த நோட்ஸில் வரிசையாக இருந்தது, நெரிசல், சுகாதாரமின்மை, குடிப்பழக்கம், குற்றம், குடும்பச் சிதைவு, அக்கறையின்மை. நான் அப்படியே எழுதினேன். நல்ல கையெழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதினேன். அக்கறையின்மை என்று எழுதும்போது பேனா ஒரு நிமிஷம் நின்றது, விடிவதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து எனக்கு டிபன் கட்டுகிற அம்மா ஞாபகம் வந்தது. குடும்பச் சிதைவு என்று எழுதும்போது அப்பா. அப்பா பெயிண்டர், வேலையெல்லாம் பழைய இடத்துப் பக்கம்தான், இங்கிருந்து தினம் போய் வர முடியாது, கூட்டாளிகளோடு அங்கேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வருவார், நகத்தில் சுண்ணாம்போடு, கையில் எனக்குப் பக்கோடா, அம்மாவுக்குப் பூ. பூவை அம்மாவிடம் கொடுக்கமாட்டார், டிவி மேல் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவுவார், அம்மாவும் பார்க்காத மாதிரி எடுத்து வைத்துக்கொள்வாள். அதற்குப் பெயர் குடும்பச் சிதைவா. எழுதினேன். ஐந்துக்கு ஐந்து. பேப்பரை அம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியா எழுதிட்டியா என்று கன்னத்தைத் தடவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதற்கு அன்றைக்குத்தான் நான் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்கு அழுகை வந்தது, பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்தேன், குழாயில் தண்ணீர் இல்லை.

அழக்கூடாது இப்போது. பாவனா பார்க்கிறாள். "என்ன நிரோ, தலை வலிக்குதா" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். எனக்கென்று தனியாக ஒன்று எடுத்து வந்திருக்கிறாள், அங்கே தண்ணி எப்படியோ என்று. இவள் கெட்டவள் இல்லை, அதுதான் கஷ்டம். போன டிசம்பரில் மழை பெய்தபோது ஸ்கூட்டியில் என்னைச் சோழிங்கநல்லூர் சிக்னல் வரை கொண்டுவந்து விட்டாள், வீடு வரைக்கும் விடறேன் என்று பிடிவாதம் பிடித்தாள், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரில் பஸ் ஸ்டாப்பில் அம்மா. யூனிபார்ம் புடவை, மேலே பிளாஸ்டிக் கவரைத் தலையில் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் விரிந்தது, கையைத் தூக்கினாள், தூக்கின கையால் கவரைச் சரிசெய்துகொண்டாள். நான் என்ன செய்தேன். ஒன்றும் செய்யவில்லை. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி நின்று பஸ் வருகிறதா என்று எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தத் திசையிலிருந்து எந்த பஸ்ஸும் வராது. பாவனா போன பிறகு ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், நான் முன்பக்கம், அவள் பின்பக்கம், இறங்கியதும் என் பையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பொண்ணு நல்ல வண்டி ஓட்டுது என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசினதில்லை. பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை. எந்த வார்த்தை என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்தக் கை பாதியில் நிற்கிற இடத்தில் வந்து யோசனையும் நின்றுவிடுகிறது.

வேன் திரும்புகிறது. எனக்குத் தெரிந்த பள்ளம், தெரிந்த குலுக்கல், கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே வந்திருக்கிறோம் என்று இடுப்பு சொல்லிவிடும். பிளாக்குகள் வரிசையாகத் தெரிந்ததும் வேனுக்குள் பேச்சு குறைந்தது. மஞ்சள் சாயம், ஜன்னல் தோறும் துணி. மேடம் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "உள்ள போனா முகத்த சுளிக்காதீங்க. உக்காரச் சொன்னா உக்காருங்க. தண்ணி குடுத்தா வாங்கிக்குங்க." பின்னாலிருந்து தீப்தி மெதுவாக, குடிக்கணுமா மேம் என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. இறங்கியதும் இரண்டிரண்டு பேருக்கு ஒரு பிளாக் என்று பிரித்தார், ஒவ்வொரு நாலாவது வீடும் எடுக்கவேண்டும், ஆள் இல்லை என்றால் அடுத்த வீடு. எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்து பிளாக் வந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அப்போது மேடம் தீப்தியிடம் எங்கள் பிளாக் எண்ணைச் சொன்னார். தீப்தி கைக்குட்டையை எடுத்து மூக்கடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள், மூன்றாவது மாடியில் என் பச்சைத் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. நான் அவள் பக்கத்தில் போய்விட்டேன். எப்போது போனேன் என்றே தெரியவில்லை. "மாத்திக்கலாமா? தொட்டிகிட்ட நெழல் இருக்கு. நீங்க அங்க போங்க." தீப்தி உடனே சரி என்றாள். பாவனா என்னைப் பார்த்து, ஏன்டி வெயில்ல என்றாள். நான் ஷாலை எடுத்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் விட்டேன்.

தரைத்தளத்தில் எங்களுக்கு வந்த முதல் வீடே ஷகிலா அக்கா வீடு. நாலாவது வீடு என்று எண்ணினால் அதுதான் வந்தது. அக்கா தையல் மிஷினை நிறுத்தாமல் பதில் சொன்னாள், எல்லாம் பாவனாவைப் பார்த்து. நான் கதவோரம் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை அக்காவின் பார்வை கீழே இறங்கி என் செருப்பில் நின்றது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவளோடு போய், அவள் பேரம் பேசி வாங்கிக்கொடுத்த செருப்பு. மிஷின் நின்றது. அக்கா என் கண்ணைப் பார்த்தாள், பிறகு பாவனாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பிறகு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நாங்கள் படியேறும்போது பின்னாலிருந்து அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிற மாதிரி மேலே போனது, "மேல் வீட்டுக்காரங்களே, காலேஜ்லேர்ந்து பொண்ணுங்க வர்றாங்க, ரெண்டு பேரு." நல்ல ஆளா இருக்காங்க இல்ல என்றாள் பாவனா. ஆமாம் என்றேன். ஷாலுக்குள் என் மூச்சு சூடாக முகத்தில் அடித்தது. இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி. வராண்டாவில் பாவனா விரலால் எண்ணிக்கொண்டே போனாள், நான் அவளுக்கு முன்னால் மனசுக்குள் எண்ணி முடித்துவிட்டேன், எங்கள் வீடு வராது, பக்கத்து வீடுதான் வரும். வந்தது. பூட்டு தொங்கியது. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் எங்கே இருப்பார்கள், இதை நான் மறந்துவிட்டேனே, தினமும் பார்க்கிற பூட்டு. "அப்போ அடுத்த வீடு" என்றாள் பாவனா. கதவைத் தட்டினாள். என் வீட்டுக் கதவை என் சிநேகிதி தட்டுவதை அடுத்த வீட்டு ஆள் மாதிரி நின்று பார்த்தேன். அந்தக் கதவை நான் தட்டினதே இல்லை, தள்ளிக்கொண்டு போவேன்.

அம்மா கதவைத் திறந்தாள். புதுப் புடவை இல்லை, ஆனால் பின் குத்தியிருந்தாள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள். "வாங்கம்மா, உள்ள வாங்க." ஆபீஸ் தமிழ். பாவனா உள்ளே போனாள். நான் வாசலில். அம்மாவின் கண் என் மேல் வந்தது, ஷால், கண், கை, ஒரு நொடி, ஒரு நொடிகூட இல்லை. பாயின் ஓரத்தைத் தட்டினாள். "நீங்களும் உக்காருங்கம்மா" என்றாள்.

நீங்க. பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை என்னை நோக்கி வந்ததில்லை. வாடி, போடி, மூதேவி, கண்ணு, பாப்பா, சனியனே, தாயி, எல்லாம் வந்திருக்கிறது. உட்கார்ந்தேன். எங்கள் வீடு சின்னது, ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும், தெரியவேண்டியது எதுவும் தெரியவில்லை. கொடியில் என் நைட்டி இல்லை. ஜன்னல் மேல் அடுக்கியிருக்கிற என் புத்தகங்களின் மேல் போர்வை போட்டிருந்தது. பிளஸ் டூ முடித்தபோது எடுத்த போட்டோ, மாலை போட்ட மாதிரி ஜரிகைக் காகிதம் சுற்றி டிவிக்கு மேலே மாட்டியிருப்பாள், அங்கே ஆணி மட்டும் இருந்தது. ஷகிலா அக்கா கத்தியதற்கும் நாங்கள் மூன்று மாடி ஏறியதற்கும் நடுவில் இவ்வளவும் செய்திருக்கிறாள். முட்டி வலியோடு. ஸ்டூல் போட்டு ஏறியிருக்கவேண்டும், கை எட்டாது. இந்த வீட்டிலிருந்து என்னை எடுத்து வைக்க எவ்வளவு அவசரப்பட்டிருப்பாள், எதையாவது விட்டுவிட்டோமா என்று எத்தனை தடவை சுற்றிப் பார்த்திருப்பாள், எனக்காக. எனக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்று.

"உங்க பேரு ஆன்ட்டி?" "லட்சுமிங்க." அதையும் மாற்றிவிட்டாள். பாவனா எழுதினாள். தண்ணி எப்படி வருது என்று கேட்டாள், தினமும் வருதுங்க, நல்ல தண்ணி என்றாள் அம்மா. இந்த இடம் பிடிச்சிருக்கா என்றதற்கு, காத்தோட்டமா இருக்குதுங்க, பழைய எடத்துல இவ்ளோ காத்து ஏது என்றாள். பயம் எதாவது? "இன்னா பயம், எல்லாரும் நல்லவங்கதான்." இன்னா என்று வந்துவிட்டதை முந்தானையால் வாயைத் துடைத்து மறைத்தாள். வீட்டுக்காரர்? தினமும் வந்துடுவாருங்க. தினமும் என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் ஆசையாக இருந்தது, சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி. மல்லிகை நகரை என் காலேஜுக்கு முன்னால் தன்னால் முடிந்தவரை கழுவித் துடைத்து வைக்கிறாள், நீலக் கண்ணாடிக் கட்டடத்தின் தரையைத் துடைக்கிற மாதிரி. நடுவில் நிறுத்தி பாவனாவை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, காது மூளியா கீ... இருக்குது. கம்மல் போடலியா?" பாவனாவின் முகம் சிவந்தது. "வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன் ஆன்ட்டி." அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும், இரண்டு தடவை தலையை ஆட்டினாள். "ஓட்ட தூந்துடும்மா. ஒரு வேப்பங்குச்சியாச்சும் போட்டு வையி" என்றாள், எனக்குச் சொல்கிற அதே குரலில்.

"பிள்ளைங்க எத்தன பேர் ஆன்ட்டி?" அம்மா பாயிலிருந்து ஒரு நாரைப் பிய்த்தாள். "ஒரே பையன்தாங்க. எட்டாவது படிக்கிறான்." பாவனா குனிந்து எழுதினாள். ஆண் என்ற கட்டத்தில் ஒன்று. பெண் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. நீலப் பேனா. கோடு போட ஒரு கணம்கூட ஆகவில்லை. நான் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். இனி அடுத்த கேள்வி, அதற்கடுத்தது, நன்றி ஆன்ட்டி, எழுந்து படியிறங்கி வேனில் ஏறி சோழிங்கநல்லூர் சிக்னலில் இறங்கிக்கொள்ளலாம், சாயங்காலம் வந்தால் ஆணியில் போட்டோ திரும்ப இருக்கும், அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள், நானும் ஒன்றும் சொல்லமாட்டேன், அரிசி களைந்து கொடுப்பேன். அம்மா என்று கூப்பிட்டால்கூட யாருக்கும் சந்தேகம் வராது, இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவள்கூட எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். பாவனா பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்துகிறாள். கோடு காய்ந்துகொண்டிருக்கிறது.

"பொய் சொல்லாதம்மா."

என் குரல்தான். ஷாலுக்குள்ளிருந்து வந்ததால் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. பாவனா நிமிர்ந்தாள். அம்மா என்றதற்கு இல்லை. சொல்லாதீங்க என்று வரவேண்டிய இடத்தில் சொல்லாத என்று வந்ததற்கு. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, இன்னமும் விடவில்லை அவள், பாவனாவிடம் அவசரமாகச் சொன்னாள், "அந்தப் பொண்ணுக்கு வெயிலு தலைக்கேறிச்சு போல. இருங்க, தண்ணி எடுத்தாறேன்." எழுந்திருக்கப் போனாள். முட்டி பிடித்துக்கொண்டது, கையை ஊன்றினாள். நான் ஷாலை அவிழ்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன், எப்போதும் பிடிக்கிற மாதிரி, முழங்கைக்கு மேலே. "நீ உக்காரு. நான் எடுத்துக்கறேன்." இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது. பானை எங்கே, டம்ளர் எங்கே என்று தேடாமல் எடுத்தேன். ஒரு டம்ளரை பாவனா முன்னால் வைத்தேன். "ஒரு பொண்ணு இருக்கா பாவனா. எழுதிக்கோ. பி.ஏ. ரெண்டாவது வருஷம். சோசியாலஜி."

வராண்டாவில் யாரோ துணி உதறுகிற சத்தம் கேட்டது. பாவனா கோபப்படப்போகிறாள் என்று நினைத்தேன், இரண்டு வருஷம், எத்தனை தடவை வீட்டுக்கு வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். அவள் என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, சப்பை மூக்கு, பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பிறகு டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். நிறுத்தாமல் முழுவதும் குடித்தாள், கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்ன" என்றாள். "முட்டி வலி உண்மைதான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அம்மா பாயில் உட்கார்ந்தபடி என் ஷால் நுனியைப் பிடித்திருந்தாள். "ஏன்டி" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும். ஏன் சொன்னாய் என்றா, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றா தெரியவில்லை. கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாவனா பேனாவை எடுத்தாள். "அந்தக் கோட்ட மட்டும் அடிச்சிட்டு ஒண்ணுன்னு போட்டுடறேன் ஆன்ட்டி." அம்மா தலையை ஆட்டினாள், இல்லை என்று. முந்தானையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றித் தாலிச்சரட்டில் மாட்டினாள், காலை நீட்டி முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "அத்த மட்டும் அடிச்சா பத்தாது கண்ணு. வேற பேப்பர் கீதா? மொதல்லேர்ந்து எழுது. நான் எல்லாத்தையும் மாத்திச் சொல்லிட்டேன்." பாவனா பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினாள். "பேரு சொல்லுங்க ஆன்ட்டி." "தேசம்மா" என்றாள் அம்மா. "நல்லா செவுத்துல சாஞ்சு உக்காரு. சொல்றதுக்கு நெறைய கீது."